எழுத்தும் அளவுகோலும்: அயல்நாட்டு மாணவரின் ஆங்கில எழுத்தாற்றலை மதிப்பிடுவதில் பண்பாட்டு வேறுபாடுகள்
(பெங்களூர்ச் சிவாஜிநகர்ச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்)

1. முன்னுரை

எழுதப்பட்ட ஒரு கட்டுரையைப் படித்து அதற்கு மதிப்பெண் வழங்குவது ஆசிரியர் நாள்தோறும் செய்யும் பணியாகும். பழக்கத்தின் காரணமாக அது எளிய செயலாகவும் தோன்றுகிறது. ஆயின் எழுதியவர் ஒரு நாட்டினராகவும் மதிப்பிடுபவர் மற்றொரு நாட்டினராகவும் இருக்கும்பொழுது அந்த எளிமை மறைந்துவிடுகிறது. எழுத்துப் பிழை, இலக்கணப் பிழை ஆகியவற்றைப் பெரும்பாலோர் ஒருபடித்தாகவே காண்பர். கருத்தை எங்கே தொடங்க வேண்டும், எவ்வளவு வெளிப்படையாகக் கூற வேண்டும், யாரைச் சான்றாகக் காட்ட வேண்டும், படிப்பவரை எவ்வாறு விளிக்க வேண்டும் என்பனவற்றில் ஒருமித்த கருத்து இல்லை. ஒருவர் அழகு எனக் கருதுவதை மற்றவர் குற்றம் எனக் கருதுவர். அவ்வேறுபாடு மதிப்பெண்ணில் கலந்துவிடும்பொழுது மாணவரின் மொழித்திறன் அளக்கப்படுகிறதா, அவர் வளர்ந்த பண்பாடு அளக்கப்படுகிறதா என்னும் வினா எழுகிறது.

இவ்வினாவைப் பெங்களூரின் சிவாஜிநகர்ச் சூழலில் வைத்து விளக்க இக்கட்டுரை முற்படுகிறது. உயர்கல்வியின் பொருட்டு அயல்நாடு செல்ல விரும்பும் சிவாஜிநகர் மாணவர் அனைத்துலகத் தேர்வுகளில் மதிப்பிடப்படுபவராக நிற்கிறார். அதே நகரின் கல்லூரி ஆசிரியர், அங்கு வந்து பயிலும் அயல்நாட்டு மாணவரை மதிப்பிடுபவராக அமர்கிறார். ஒரே சமூகம் அளக்கப்படும் பொருளாகவும் அளக்கும் கையாகவும் இருப்பதால், சிக்கலின் இரு முகங்களையும் இங்கு ஒருசேரக் காண இயலும்.

2. சிவாஜிநகரின் மொழிச்சூழல்

1809இல் பெங்களூரில் ஆங்கிலேயரின் படைத்தளம் நிறுவப்பட்டது. அதனைத் தொடர்ந்து சென்னை மாகாணப் பகுதிகளிலிருந்து படைவீரர், கைவினைஞர், வணிகர், பணியாளர் எனத் தமிழர் பலர் அங்குக் குடியேறினர். முற்காலத்தில் பிளாக்பள்ளி என அழைக்கப்பட்ட சிவாஜிநகர் இப்படைத்தளப் பகுதியின் அங்காடி மையமாக வளர்ந்தது. படைத்தளப் பகுதியும் பழைய பெங்களூர் நகரமும் 1949இல் ஒரே மாநகராட்சியின்கீழ் இணைக்கப்பட்டன. எனினும் மொழி நிலையில் சிவாஜிநகர் தன் தனித்தன்மையை இழக்கவில்லை. தமிழும் தக்கணி உருதுவும் அங்குப் பெருவழக்கு. கன்னடமும் தெலுங்கும் உடன் வழங்குகின்றன. ஆங்கிலம் படைத்தளக் காலத்திலிருந்தே தொழிலுக்கும் கல்விக்கும் உரிய மொழியாக நிலைபெற்றுள்ளது.

இச்சூழலில் வளரும் மாணவர் ஒருவர் வீட்டில் தமிழும், ரசல் மார்க்கெட் கடைகளில் தக்கணி உருதுவும், அரசு அலுவலகத்தில் கன்னடமும், வகுப்பறையில் ஆங்கிலமும் பேசுவது இயல்பு. மொழிக்கேற்பப் பேச்சின் தொடக்கமும் மரியாதையும் நயமும் மாறுவதை அவர் சிறுவயதிலேயே அறிந்துகொள்கிறார். ஆகவே அவருடைய ஆங்கில எழுத்தில் காணப்படும் ஒவ்வொரு தனித்தன்மைக்கும் 'தாய்மொழித் தாக்கம்' என்னும் ஒற்றைக் காரணம் கூறுவது பொருந்தாது. இக்கருத்து பின்வரும் விளக்கத்திற்கு அடிப்படையாக அமைகிறது.

3. உறழ்நிலை உரையமைப்பியல்

3.1 காப்லனின் கொள்கை

அயல்நாட்டு மாணவரின் கட்டுரைகளில் பண்பாட்டின் தடங்களைத் தேடும் ஆய்வு 1966இல் இராபர்ட் காப்லன் வெளியிட்ட கட்டுரையிலிருந்து தொடங்குகிறது எனலாம். அமெரிக்காவில் பயின்ற அயல்நாட்டு மாணவர்கள் எழுதிய ஏறத்தாழ 600 கட்டுரைகளை அவர் ஆராய்ந்தார். இலக்கணம் பெரிதும் திருந்திய பின்னரும் அவர்களுடைய கட்டுரைகள் ஆங்கிலப் பேராசிரியர்களுக்கு ஒழுங்கற்றனவாகத் தோன்றுவது ஏன் என்பது அவர்தம் வினா. ஒவ்வொரு மொழிக்குழுவும் கருத்தைத் தொடுப்பதில் தனக்கெனத் தனிநெறி கொண்டுள்ளது என்பது அவர் கண்ட விடை. ஆங்கிலத்தின் நெறியை நேர்க்கோடாகவும், கீழ்த்திசை மொழிகளின் நெறியை மையம் நோக்கிச் சுழலும் சுருளாகவும் அவர் வரைந்து காட்டினார். செமித்திய, ரொமான்சு, உருசிய நெறிகளுக்கும் தனித்தனிப் படங்கள் தந்தார். இத்துறை உறழ்நிலை உரையமைப்பியல் எனப் பெயர் பெற்றது.

ஜான் ஹைண்ட்சு 1987இல் மற்றொரு வேறுபாட்டைச் சுட்டினார். கருத்து விளங்காவிடில் பொறுப்பு யாருடையது என்பதே அவர் எழுப்பிய வினா. ஆங்கிலத்தில் அப்பொறுப்பு எழுதுபவரைச் சாரும். சப்பானிய மொழியில் அது பெரிதும் படிப்பவரைச் சாரும். எல்லாவற்றையும் வெளிப்படையாகக் கூறுவது அங்குப் படிப்பவரின் அறிவைக் குறைத்து மதிப்பதாகக் கொள்ளப்படலாம்.

3.2 கொள்கையின் எல்லைகள்

காப்லனின் படங்கள் ஆசிரியப் பயிற்சி நூல்களில் விரைந்து பரவின. எளிமையே அவற்றின் வலிமை. அதுவே குறையும் ஆயிற்று. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மாணவர் கட்டுரைகளைக் கொண்டு அவர்களுடைய தாய்மொழிகளின் இயல்பை முடிவு செய்தமை முதற்குறை. பல்வேறு மொழிகளைக் 'கீழ்த்திசை' என்னும் ஒரே பெயரில் அடக்கியமை இரண்டாங்குறை. அவ்வைந்து படங்களுள் தமிழுக்குத் தனியிடம் இல்லை. காப்லனே பிற்காலத்தில் தம் கருத்தின் கடுமையைத் தளர்த்திக்கொண்டார். ஆங்கில நெறியை அளவுகோலாக நிறுத்திப் பிறவற்றை அதிலிருந்து விலகியவையாகக் காண்பது முறையன்று என யமுனா கச்ரு எடுத்துரைத்தார். இந்தி உரைநடையையும் இந்திய ஆங்கில எழுத்தையும் ஆராய்ந்த அவர், அவற்றுள் நேர்நெறியும் சுருள்நெறியும் கலந்து வருவதைக் காட்டினார்.

3.3 தமிழ் மரபு கூறுவது

'கீழ்த்திசையார் சுற்றி வளைத்தே எழுதுவர்' என்னும் கூற்றைத் தமிழ் இலக்கண மரபோடு ஒப்பிட்டுக் காண்பது பயனுடையது. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வகுத்துள்ளது. முன்னர்க் கூறியதையே மீண்டும் கூறுவதும், அளவுக்கு மிஞ்சிக் கூறுவதும், எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரிப்பதும் அங்குக் குற்றங்கள். சுருக்கமும் விளக்கமும் முறையான வைப்பும் அங்கு அழகுகள். இன்றைய ஆங்கில எழுத்துப் பயிற்சி நூல் கூறும் அறிவுரைகளுள் பெரும்பகுதி இவற்றுள் அடங்கிவிடுகிறது. நன்னூலை இயற்றுவித்த சீயகங்கன் கோலாரைத் தம் பட்டப்பெயரில் கொண்ட கங்க மரபினன் என்பதும், அக்கோலார் பெங்களூருக்கு அண்மையது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கன.

இதனால் பெறப்படுவது யாது? சுற்றி வளைத்துக் கூறுதல் தமிழின் பிறவிக் குணம் அன்று. தமிழ் மாணவர் சிலர் அவ்வாறு எழுதுவாராயின் அதற்குக் காரணத்தை மொழியின் இயல்பில் தேடுவதைவிட, அவர்கள் பள்ளியில் பெற்ற எழுத்துப் பயிற்சியில் தேடுவதே பொருத்தமாகும்.

4. பள்ளி கற்பித்த நெறி

தமிழ்ப்பாடக் கட்டுரையின் அமைப்பு யாவரும் அறிந்தது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்னும் பகுப்பு அதில் உண்டு. பொருளுரைக்குள் உட்தலைப்புகள் அடிக்கோடிட்டு எழுதப்படும். ஏற்ற இடத்தில் குறளோ பழமொழியோ மேற்கோளாக அமையும். இவ்வமைப்பு மதிப்பெண் பெற்றுத்தரும் அமைப்பு என்பதை மாணவர் பத்தாம் வகுப்பிற்குள் நன்கு உணர்ந்துகொள்கிறார். வெற்றி தந்த கருவியை வேற்றுக்களத்திலும் எடுத்துச் செல்வது மனித இயல்பு. பின்வரும் நான்கு கூறுகளில் அது வேறொரு மதிப்பீட்டு நெறியோடு மோதுகிறது.

(அ) மையக்கருத்தின் இடம்: அனைத்துலகத் தேர்வுகளுக்கான ஆங்கிலப் பயிற்சியில், எழுதுபவர் தம் நிலைப்பாட்டை முதற்பத்தியிலேயே கூறுமாறு அறிவுறுத்தப்படுகிறார். நம் பள்ளி முன்னுரையோ பொருளின் பெருமையைப் பொதுவாகக் கூறித் தொடங்குவது. நிலைப்பாடு முடிவுரையில்தான் வெளிப்படும். இருபுறமும் ஆராய்ந்த பின்னரே தீர்ப்புக் கூறுவது அடக்கத்தின் அடையாளம் என்பது இதற்கு அடிப்படை.

(ஆ) சான்றின் தன்மை: சான்றோர் கூற்றை மேற்கோள் காட்டுவது நம் மரபில் கருத்துக்கு வலிமை சேர்ப்பது. வேற்றுநெறியில் பயின்ற மதிப்பீட்டாளருக்குப் பழமொழி தேய்ந்துபோன சொல்லாகவே தோன்றும். தாமே சிந்தித்த காரணத்தையும் குறிப்பான எடுத்துக்காட்டையும் அவர் எதிர்பார்க்கிறார்.

(இ) மரியாதை வாய்பாடுகள்: கடிதங்களில் 'ரெஸ்பெக்டட் சார்' என்னும் விளியும், பணிந்து வேண்டும் தொடர்களும், 'டூ த நீட்ஃபுல்' என்னும் முடிப்பும் இந்திய அலுவலக ஆங்கிலத்தில் நெடுங்காலம் வேரூன்றியவை. எழுதுபவருக்கு அவை பண்பு. அயலவருக்கு அவை பழமைப்பட்ட சொற்களாகவோ மிகைப் பணிவாகவோ படலாம்.

(ஈ) தன்மை இடப்பெயர்: 'நான் கருதுகிறேன்' என எழுதுவது செருக்கு எனக் கற்பிக்கப்பட்டவர் 'நாம் அறிவோம்', 'யாவரும் ஒப்புவர்' என எழுதுவார். தனிக்கருத்தை வினவும் தேர்வில் இது கருத்தின்மையாகக் கொள்ளப்படும் இடர் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். 'நகரின் நடுப்பகுதியில் தனியார் ஊர்திகளைத் தடை செய்ய வேண்டுமா?' என்பது வினா. சிவாஜிநகர் மாணவர் ஒருவர், நகரங்கள் தோன்றிய வகையைக் கூறித் தொடங்குகிறார். பின்னர் அங்காடித் தெருக்களின் நெரிசலையும், தலைச்சுமைத் தொழிலாளரின் இன்னலையும், சிறுவணிகர் ஊர்தி இன்றிச் சரக்குக் கொணர இயலாமையையும் விரிக்கிறார். இறுதிப் பத்தியில், காலை நேரத்தில் சரக்கு ஊர்திகளுக்கு இடமளித்துப் பிற ஊர்திகளைத் தடுக்கலாம் என முடிக்கிறார். இலக்கணப் பிழை மிகுதியாக இல்லை. இதனைப் படிக்கும் ஒருவர், 'எழுதியவருக்குப் பொருளறிவு உண்டு. இரு தரப்பையும் எண்ணிப் பார்த்து முடிவுக்கு வந்துள்ளார்' எனப் பாராட்டலாம். மற்றொருவர், 'முதற்பத்தி வினாவிற்குத் தொடர்பற்றது. நிலைப்பாடு தெளிவாக இல்லை. இறுதியில் புதிய கருத்து நுழைகிறது' எனக் குறைக்கலாம். இருவரும் ஒரே தாளையே படித்தனர். இருவரும் நேர்மையாகவே படித்தனர். வேறுபட்டது அவர்கள் கொண்ட எதிர்பார்ப்பு.

5. மதிப்பிடுபவரின் வேறுபாடு

மதிப்பீட்டாளர் ஒரே பண்பாட்டினராயின் இவ்வேறுபாடு மறைந்துவிடும் எனக் கருதுதல் பிழை. 1961இல் டீடரிக், ஃபிரெஞ்ச், கார்ல்டன் ஆகிய மூவர் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. முதலாண்டுக் கல்லூரி மாணவர் எழுதிய 300 கட்டுரைகளை, வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த 53 பேர் ஒன்பது தரங்களாகப் பிரித்தனர். எவ்வகை அறிவுறுத்தலும் அவர்களுக்குத் தரப்படவில்லை. 94 விழுக்காட்டுக் கட்டுரைகள் ஏழோ அதற்கு மேலோ வெவ்வேறு தரங்களைப் பெற்றன. ஐந்திற்கும் குறைவான தரங்களைப் பெற்ற கட்டுரை ஒன்றுகூட இல்லை. சிலர் கருத்தையும், சிலர் அமைப்பையும், சிலர் பிழையின்மையையும், சிலர் சொல்லாட்சியையும், சிலர் தனிநயத்தையும் முதன்மையாகக் கொண்டமையே காரணம் எனக் கண்டறியப்பட்டது.

பண்பாடு வேறுபடும்பொழுது நிகழ்வனவற்றைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. டெரி சாண்டோஸ் 1988இல் வெளியிட்ட ஆய்வில், கலிபோர்னியாவில் 178 பேராசிரியர்கள் இரு கீழ்த்திசை மாணவரின் கட்டுரைகளை மதிப்பிட்டனர். அவர்கள் மொழியைவிடக் கருத்திற்கே குறைந்த மதிப்பு வழங்கினர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத பேராசிரியர்களே பிழைகளைக் கூடுதலான கடுமையுடன் நோக்கினர் என்பதும் அவ்வாய்வின் முடிபுகளுள் ஒன்று. முயன்று கற்றவர், பிறர் முயலாமையைப் பொறுப்பதில்லை என இதற்கு விளக்கம் காணலாம்.

கோபயாஷி, ரின்னர்ட் ஆகியோர் 1996இல் சப்பானில் நடத்திய ஆய்வில், எழுத்துப் பயிற்சி பெறாத சப்பானிய மாணவர்கள் தம் நாட்டு உரையமைப்பையும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியர்கள் அமெரிக்க உரையமைப்பையும் விரும்பினர். சப்பானிய ஆசிரியர்கள் இரண்டிற்கும் மதிப்பளித்தனர். சீன மாணவரின் கட்டுரைகளைப் பற்றி லிங் ஷி 2001இல் வெளியிட்ட ஆய்வு மேலும் நுட்பமானது. தாய்மொழி ஆசிரியரும் சீன ஆசிரியரும் வழங்கிய மதிப்பெண்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆயினும் மதிப்பெண்ணுக்கு அவர்கள் கூறிய காரணங்கள் வேறுபட்டன. எண் ஒன்றாக இருப்பதனால் நோக்கும் ஒன்று எனக் கொள்ளலாகாது என்பது இதன் படிப்பினை.

பதினான்கு நாடுகளின் பள்ளி மாணவர் எழுத்தை ஒப்பிட 1980களில் மேற்கொள்ளப்பட்ட பெருந்திட்டம் ஒன்றும் இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது. அதனை வழிநடத்திய ஆலன் பர்வஸ், நல்ல எழுத்து என்பதன் பொருள் ஒவ்வொரு கல்விமுறைக்குள்ளும் உருவாக்கப்படுவது எனவும், நாடுகளை மதிப்பெண்ணால் வரிசைப்படுத்துவது அரிது எனவும் உணர்த்தினார்.

6. அளவுகோலின் அமைப்பு

மேற்கண்ட வேறுபாடுகளைக் களையும் நோக்குடனேயே அனைத்துலகத் தேர்வுகள் வரையறுத்த அளவைகளைக் கையாள்கின்றன. 1989இல் தொடங்கப்பெற்ற ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் எழுத்துப் பகுதி 60 நிமிடங்களுக்கு உரியது. முதற்பணிக்கு 150 சொற்களும் இரண்டாம் பணிக்கு 250 சொற்களும் குறைந்த அளவு. இரண்டாம் பணி முதற்பணியைப் போல் இருமடங்கு மதிப்புடையது. பணி நிறைவு, கருத்தியைபும் தொடரியைபும், சொல்வளம், இலக்கண வீச்சும் திருத்தமும் என நான்கு அளவைகள் உள்ளன. நான்கும் சமமதிப்புடையன.

இவ்வாறு பகுத்து மதிப்பிடும் முறை, முழுமையாக நோக்கி ஒரே எண் தரும் முறையைவிடப் பண்பாட்டுச் சார்பைக் குறைக்கவல்லது. இலக்கணத்தில் கண்ட குறை கருத்தின் மதிப்பைக் கெடுக்காது. எனினும் ஓர் உண்மையை மறத்தலாகாது. ஒவ்வொரு பத்தியிலும் தெளிந்த மையக்கருத்து வேண்டும், நிலைப்பாடு கட்டுரை முழுவதும் விளங்க வேண்டும் என்னும் விதிகள் அளவைகளுக்குள்ளேயே இடம்பெற்றுள்ளன. மதிப்பீட்டாளரின் தனிவிருப்பு நீக்கப்பட்டது. ஒரு மரபின் விருப்பு விதியாக்கப்பட்டது.

இதனை அநீதி என உடனே முடிவு கட்டுவதும் பொருந்தாது. மாணவர் செல்லவிருக்கும் பல்கலைக்கழகத்தில் அவ்வுரையமைப்பே வழக்கு. அங்கு அவர் எழுதவிருக்கும் ஆய்வேடு அந்நெறியிலேயே படிக்கப்படும். ஆகவே அந்நெறியில் எழுதும் திறனைச் சோதிப்பது தேர்வின் நோக்கத்திற்கு ஏற்றதே. அநீதி பிறக்கும் இடம் வேறு. கற்றுக்கொள்ளத்தக்க ஒரு வழக்கத்தை மனிதரின் பொது அறிவுத்திறன் எனக் கொண்டு, அவ்வழக்கம் அறியாதவரைச் 'சிந்திக்கத் தெரியாதவர்' என எண்ணும்பொழுதே அநீதி தொடங்குகிறது.

மாணவர் தரப்பில் இதன் விளைவு கண்கூடு. அரைத்தரம் குறைந்தமையால் சேர்க்கை கைநழுவுவதுண்டு. தேர்வுக் கட்டணத்தை மீண்டும் செலுத்த நேர்வதுண்டு. விடைத்தாள் திருப்பித் தரப்படுவதில்லை. மறுமதிப்பீடு கோரலாம் எனினும், எக்காரணத்தால் தரம் குறைந்தது என்னும் விளக்கம் மாணவருக்குக் கிட்டுவதில்லை. காரணம் அறியாதவர், வாய்பாடுகளை மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார். முழுவதும் மனப்பாடம் செய்து எழுதப்பட்டது என மெய்ப்பிக்கப்படும் விடைக்குப் பூச்சியத் தரமே உரியது என அத்தேர்வின் வெளியிடப்பட்ட அளவை விளக்கம் கூறுகிறது. ஆக, நெறியைப் புரிந்துகொள்ளாமை ஓர் இடர். புரியாமலே அதனைப் படியெடுத்தல் மற்றோர் இடர். நினைவாற்றலைப் போற்றும் கல்விமரபுகளில் பிறர் சொல்லைக் கையாள்வதற்குரிய பொருள் வேறு என்பதை அலஸ்டேர் பென்னிகுக் 1996இல் சீன மாணவரை முன்வைத்து விளக்கியுள்ளார்.

7. பெங்களூர் தரும் இரு படிப்பினைகள்

7.1 பெங்களூர்த் திட்டம்

மதிப்பீட்டின் சார்பு பற்றிய விவாதத்திற்குப் பெங்களூரே ஒரு சிறந்த சான்றினை வழங்கியுள்ளது. தென்னிந்திய மாநிலங்களுக்கான மண்டல ஆங்கில நிறுவனம் 1963இல் இந்நகரில் அமைக்கப்பட்டது. அந்நிறுவனத்தின் துணையுடன் என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய ஆங்கிலம் கற்பித்தல் முயற்சி 'பெங்களூர்த் திட்டம்' என உலகெங்கும் அறியப்படுகிறது. இலக்கண விதிகளை முதலில் கற்பிக்காமல், வரைபடம் பார்த்து வழி கூறுதல், கால அட்டவணையைக் கொண்டு கணக்கிடுதல் போன்ற செயல்களின் வாயிலாக மொழியைப் பயிற்றுவது அதன் முறை. கருநாடகத்திலும் தமிழ்நாட்டிலும் உள்ள சில பள்ளி வகுப்புகளில் அது நிகழ்ந்தது.

இத்திட்டத்தின் பயனைப் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் மதிப்பிட்டு 1985இல் முடிவுகளை வெளியிட்டனர். அமைப்புமுறையில் பயின்றவர் அமைப்புமுறைத் தேர்வில் சிறந்தனர். செயல்வழிப் பயின்றவர் செயல்வழித் தேர்வில் சிறந்தனர். ஒரே வகைத் தேர்வு மட்டும் நடத்தப்பட்டிருப்பின், ஒரு தரப்பினர் காரணமின்றித் தாழ்ந்தவராகக் கருதப்பட்டிருப்பர். எத்தேர்வும் தன்னோடு ஒத்த பயிற்சிக்கே எளிதில் பரிசளிக்கும் என்னும் உண்மை இதனால் விளங்குகிறது. எழுத்துத் தேர்வுக்கும் இது பொருந்தும்.

7.2 அளப்பவராக நாம்

அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2019-20ஆம் கல்வியாண்டில் 168 நாடுகளைச் சேர்ந்த 49,348 அயல்நாட்டு மாணவர் இந்தியாவில் பயின்றனர். அவர்களுள் மிகுதியானோரைக் கொண்டிருந்த மாநிலம் கருநாடகம். நேபாளம், ஆப்கானிசுத்தானம், பூடான், ஆப்பிரிக்க நாடுகள் ஆகியவற்றிலிருந்து வந்த மாணவரின் ஆங்கிலத்தை நம் ஆசிரியர்கள் மதிப்பிடுகின்றனர். அயலவர் நமக்கு இழைப்பதாக நாம் கருதும் குறையை நாமும் பிறருக்கு இழைக்க வாய்ப்புண்டு.

பிரஜ் கச்ரு 1985இல் ஆங்கிலம் வழங்கும் நாடுகளை அகவட்டம், புறவட்டம், விரிவட்டம் என மூன்றாகப் பகுத்தார். இந்தியாவும் நைஜீரியாவும் புறவட்டத்தின. இரண்டும் ஆங்கிலத்தைத் தமதாக்கிக்கொண்டவை. 'பிரிபோன்' என்னும் சொல்லை நைஜீரிய மாணவர் புரிந்துகொள்ளத் தயங்குவார். நமக்கோ அது இயல்பான சொல். உடனே திரும்பிவருவேன் என்னும் பொருளில் 'ஐ ஆம் கமிங்' எனக் கூறிவிட்டு வெளியேறுவது மேற்கு ஆப்பிரிக்க வழக்கு; நமக்கு அது பிழையாகவோ நகைப்பாகவோ தோன்றும். தம் வழக்கைத் தரம் எனவும் பிறர் வழக்கைத் தவறு எனவும் கொள்ளும் மனப்பாங்கு எந்நாட்டினர்க்கும் பொதுவானது.

பயிற்சியால் இதனைக் குறைக்க இயலும் என்பதற்கும் சான்று உண்டு. ஷி, மொல்லாவுன் ஆகிய இருவர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், இந்திய மதிப்பீட்டாளர்கள் டோஃபல் பேச்சுத் தேர்வினைத் தக்க பயிற்சியின் பின் அமெரிக்க மதிப்பீட்டாளரை ஒத்த நம்பகத்தன்மையுடன் மதிப்பிட்டனர். எழுத்துத் துறையில் சாரா வெய்கிள் 1990களில் நடத்திய ஆய்வுகளோ, பயிற்சி மதிப்பீட்டாளரைத் தமக்குத்தாமே ஒருசீராக்குகிறது, ஆயினும் அவர்களிடையே உள்ள கடுமை வேறுபாட்டை முற்றிலும் போக்குவதில்லை என உணர்த்துகின்றன.

8. பண்பாடு சிறையன்று

மாணவர் தம் பண்பாட்டிற்குக் கட்டுண்டவர் எனவும் மாற இயலாதவர் எனவும் கருதுவது மற்றொரு பிழை. 1984 முதல் 1994 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சுரேஷ் கனகராஜா இக்கருத்தை வலியுறுத்தி வருபவர். ஈழத்துத் தமிழறிஞர் கா. சிவத்தம்பி தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளை அவர் 2006இல் ஒப்பிட்டு ஆராய்ந்தார். எழுதும் மொழியினால் மட்டும் உரையமைப்பு வேறுபடவில்லை. யாருக்காக, எந்த இதழில், எந்நோக்கத்துடன் எழுதப்பட்டது என்பதற்கேற்ப ஆசிரியர் தம் அமைப்பைத் தெரிந்தே மாற்றிக்கொண்டுள்ளார். பன்மொழியாளரின் எழுத்தை ஒரு மொழியின் குறைபாடாகக் காணாமல், மொழிகளுக்கிடையே சென்று மீளும் திறனாகக் காண வேண்டும் என்பது கனகராஜாவின் முடிபு.

கடைத்தெருவில் ஒரு மொழியும் வீட்டில் ஒரு மொழியுமாக நாள்தோறும் மாறிப் பழகும் சிவாஜிநகர் மாணவருக்கு இத்திறன் புதிதன்று. பேச்சில் அவர் இயல்பாகச் செய்வதை எழுத்தில் உணர்ந்து செய்ய வழிகாட்டுவதே ஆசிரியர் கடமை.

9. பரிந்துரைகள்

மேற்கண்ட விளக்கத்தினின்றும் பின்வரும் நடைமுறைகளைப் பரிந்துரைக்கலாம்.

முதலாவதாக, மாணவர் எழுத்தில் கண்ட குறைகளை நால்வகையாகப் பிரித்துக் குறிக்க வேண்டும். பொருளைச் சிதைக்கும் மொழிப்பிழை, வட்டார ஆங்கில வழக்கு, உரையமைப்பு மரபின் வேறுபாடு, சிந்தனைக் குறை என்பன அவை. 'டிஸ்கஸ் அபௌட்' என எழுதுவதும், கூறிய காரணம் முடிவோடு முரண்படுவதும் ஒரே நிறையுடையன அல்ல. முதலாவதைத் திருத்தினால் போதும். இரண்டாவதற்குக் கலந்துரையாடல் வேண்டும்.

இரண்டாவதாக, அளவைகளைத் தேர்வுக்கு முன்னரே மாணவருக்கு விளக்க வேண்டும். 'நிலைப்பாட்டை முதலில் கூறுக' என்பதோடு நில்லாமல், அவ்வாறு எதிர்பார்க்கப்படுவதன் காரணத்தையும் கூற வேண்டும். காரணம் அறிந்தவருக்கு வாய்பாடு தேவையில்லை.

மூன்றாவதாக, முதன்மையான தேர்வுகளில் ஒவ்வொரு கட்டுரையையும் இருவர் தனித்தனியே மதிப்பிட வேண்டும். இயன்றவரை அவ்விருவர் வெவ்வேறு மொழிப்பின்னணி உடையவராதல் நன்று. மதிப்பெண் பெரிதும் வேறுபடின் மூன்றாமவர் தீர்க்கலாம். மாதிரிக் கட்டுரைகளை ஆசிரியர்கள் ஒன்றுகூடி மதிப்பிட்டுத் தம் காரணங்களை ஒப்பிட வேண்டும். எண்களை மட்டும் ஒப்பிடுதல் போதாது என்பது மேலே காட்டப்பட்டது.

நான்காவதாக, தமிழ் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் இணைந்து செயற்பட வேண்டும். ஒரே பொருள்பற்றித் தமிழ் வகுப்பில் எழுதிய கட்டுரையையும் ஆங்கில வகுப்பில் எழுதிய கட்டுரையையும் மாணவரே அருகருகே வைத்து ஒப்பிடச் செய்யலாம். உட்தலைப்பு எங்கே வேண்டும், எங்கே வேண்டா. மேற்கோள் எங்கே வலிமை, எங்கே சுமை என்பதை அவரே கண்டுகொள்வார்.

10. முடிவுரை

எழுத்தாற்றலை மதிப்பிடுதல் பண்பாட்டுச் சார்பினின்றும் முழுவதும் விடுபட இயலாது. எழுத்தே படிப்பவரை நோக்கியது. படிப்பவர் யாவரும் ஏதேனும் ஒரு மரபில் பயின்றவர். ஆகவே சார்பற்ற அளவுகோலைத் தேடுவதைவிட, அளவுகோலின் சார்பை மறைக்காமல் கூறுவதே இயலக்கூடியதும் நேரியதும் ஆகும். மாணவர் வேற்றுநெறியைக் கற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவர். அதன்பொருட்டுத் தம் நெறியைத் தாழ்வெனக் கருத வேண்டியவர் அல்லர். மதிப்பீட்டாளர் விதியைப் பின்பற்றக் கடமைப்பட்டவர். விதிக்கு உட்படாத ஒன்றைக் காணும்பொழுது அது அறியாமையா, வேறோர் அறிவா என ஒருகணம் வினவுதல் அவர்க்கும் கடமை. அனைத்துலகத் தேர்வு எழுதும் மாணவரையும், அயல்நாட்டு மாணவரை மதிப்பிடும் ஆசிரியரையும் ஒருங்கே கொண்ட பெங்களூர், இவ்விரு கடமைகளையும் ஒப்பநோக்கிக் களஆய்வு செய்தற்கு ஏற்ற இடமாகும். மொழியாசிரியர்களும் மொழியியலாரும் அப்பணியை மேற்கொள்ளுதல் வேண்டும்.